ஓர் ஆள் உயரம் பற்றாத கயிறு

சயின்ஸ் ரூம் சாவி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நல்ல வேலை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். முதலில் விழுப்புரத்திலும் பிறகு திண்டிவனத்திலும் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காலம் தள்ளினேன். புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். நீளமாக எழுத எனக்கு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கண்ணாடிக் குழாய் கழுவுவது, ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவது, தராசு துடைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். அதில் எழுத ஒன்றுமில்லை. பழகாதது ஒன்று உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். வாத்தியாரிடம் கேட்கப் பயந்ததையெல்லாம் அட்டெண்டரிடம் கேட்பார்கள். சோடா ஏன் பொங்குது? பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? தண்டவாளத்துல ஏன் சந்து வுட்டுக்கீறான்? தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். பாதி தெரிந்ததை முழுசாகச் சொல்வதுதான் தப்பு.

விழுப்புரத்தில் எனக்கு மேலே இருந்த சயின்ஸ் வாத்தியார் எதையும் வாயால் சொல்லிக் கொடுக்க மாட்டார். தண்டவாளச் சந்தைப் பற்றி நானே ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "காலைல ஒரு பனையோலைய மடிச்சு அந்தச் சந்துல சொருகிப் பாரு. மத்தியானம் போய் அதே ஓலைய சொருகு" என்றார். போனேன். காலையில் ஓலை தாராளமாகப் போனது. உச்சி வெயிலில் போகவில்லை. ரயில்வே கேட்காரன் என்னைப் பைத்தியம் என்றான். இரும்பு வெயிலில் நீளும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித் தெரியவில்லை. அதனால் மறக்கவும் இல்லை.

அந்த ஊரில் நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ் என்று ஒரு சரக்கு உண்டு. மெழுகு மாதிரி இருக்கும். தண்ணீருக்குள்ளேயே போட்டு வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். கோடை லீவில் பாட்டில் தண்ணீர் வற்றும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியது என் வேலை. நான் ஊருக்குப் போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பூண்டு வாசம். சயின்ஸ் ரூமில் யார் பூண்டு உரித்தார்கள் என்று பார்த்தேன். அலமாரியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பாஸ்பரஸ் புகைக்குப் பூண்டு வாசம்தான். மணலை அள்ளிக் கொட்டினேன். ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். ஒரு தட்டு எரிந்ததோடு போயிற்று.

சார் வந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தலியா?"

"ஊத்தலைங்க."

"சரி. இனிமே பூண்டு வாசம் வந்தா நீ ரசத்த நெனைக்க மாட்ட" என்றார். அவ்வளவுதான். என் வேலையும் போகவில்லை. பிறகு அவர் திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போனார். கொஞ்ச காலம் கழித்து என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்குக்கூடப் பஞ்சம். அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்து முன்புறக் கிணறு வற்றியது. வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பின்புறத்தில் ஒரு பழைய உறைகிணறு இருந்தது. பல வருஷமாகப் பலகை போட்டு மூடியிருந்தது. உள்ளே சருகு விழுந்து மக்கிக் கிடந்தது. அதைத் தூர் வாரச் சொல்லி ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டார். சயின்ஸ் சார் லீவில் இருந்தார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

தூர் வார வந்தவர் ஏழுமலை. கூட அவர் பெண்சாதி அஞ்சலையும் அவள் தம்பி கன்னியப்பனும் வந்தார்கள். மூவரும் சேரியிலிருந்து வந்தவர்கள். ஏழுமலைக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். அன்றைக்கு நான் அவரை 'டா' போட்டுத்தான் பேசினேன். இப்போது மரியாதையாக எழுதுகிறேன் என்பதற்காக அப்போதும் அப்படிப் பேசினேன் என்று நினைக்காதீர்கள்.

பலகையை எடுத்தோம். ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"வேப்பந்தழைய கட்டி நாலு தரம் மேலயும் கீழயும் அடிச்சுட்டு எறங்கறேன் சாமி."

"எதுக்குடா?"

"உள்ள காத்து செத்துக் கெடக்கும். எங்கப்பன் அப்டித்தான் பண்ணுவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட காற்றைப் பற்றி எனக்கா சொல்வது? வருஷா வருஷம் சார் வகுப்பில் செய்து காட்டுவார். சுண்ணாம்புக் கல்லில் ஆசிட் விட்டு ஜாடியில் கரியமில வாயு பிடிப்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் ஜாடி மாதிரி இருக்கும். அதை இன்னொரு ஜாடிக்குள் எரியும் மெழுகுவத்தி மேல் சாய்த்து ஊற்றுவார். தண்ணீர் ஊற்றுவது மாதிரியே ஊற்றுவார். வத்தி அணைந்துவிடும். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். அந்த ஜாடியை நீட்டுகிற கை என் கை.

"தழையும் வேணாம் கிழையும் வேணாம். வெளக்க உள்ள எறக்கறேன். எரிஞ்சா எறங்கு. அணைஞ்சா எறங்காத. இதான் சயின்ஸு."

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த சயின்ஸு இதுக்கு முந்தி எந்தக் கெணத்துல எறங்கிக்கீது சாமி?"

கன்னியப்பன் சிரித்தான். சயின்ஸ் ரூமைத் திறந்து அரிக்கேன் விளக்கை எடுத்து வந்தேன். கண்ணாடிச் சாமான் பெட்டி கட்டி வந்த கயிறு ஒன்று இருந்தது. அதில் விளக்கைக் கட்டி இறக்கினேன். விளக்கு நன்றாக எரிந்தது. உறை உறையாகத் தாண்டிப் போனது. அப்போது கயிறு முடிந்துவிட்டது. நுனி என் விரலில் இருந்தது. விளக்கு அடியைத் தொடவில்லை. இன்னும் ஓர் ஆள் உயரம் இருந்தது.

ஏழுமலை தன் தாம்புக்கயிற்றை நீட்டினார். "இதுல கட்டுங்க சாமி. அடி வரைக்கும் போவும்."

"சர்க்கார் சாமான்டா. கண்டவன் கயித்துல எல்லாம் கட்ட முடியாது."

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அவர் கயிற்றைத் தொட எனக்கு மனசில்லை. அதுதான் காரணம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கயிறும் அந்தக் காலத்துக் கயிறுதான். அடி வரைக்கும் போகிற நீளம் அதற்கு இருந்தது.

"அங்க எரியுது பாரு. அங்க எரிஞ்சா கீழயும் எரியும். எறங்கு" என்றேன்.

கரியமில வாயு தண்ணீர் மாதிரி அடியில் போய்த் தங்கும் என்பதை நூறு தடவை கண்ணால் பார்த்தவன் சொன்ன பேச்சு இது.

ஏழுமலை என்னைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ராட்டினத்தில் கயிற்றை விட்டு அஞ்சலையும் கன்னியப்பனும் பிடித்துக்கொண்டார்கள். அடியில் நின்று, "எறங்கிட்டேன்!" என்று குரல் கொடுத்தார். நான் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தாயா என்கிற பார்வை.

அவர் கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கூடையில் கட்டினார். தூர் வாருகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சேற்றை மேலே அனுப்ப வேறு வழி இல்லை. முதல் கூடைக்குக் குனிந்து அள்ளினார். நிமிர்ந்தார். கூடை மேலே வந்தது. கொட்டிவிட்டு இறக்கினார்கள். இரண்டாவது கூடைக்குக் குனிந்தார். கூடை பாதி நிறைந்தது. சுவரைப் பிடித்தார். அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது.

"யோவ், இன்னா ஒக்காந்துட்ட?" அஞ்சலை கூப்பிட்டாள். "யோவ்!"

பதில் இல்லை.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. நின்றபோது அவர் தலை நல்ல காற்றில் இருந்தது. என் விளக்கு நின்ற உயரம் அது. குனிந்தபோது மூக்கு கெட்ட காற்றுக்குள் போய்விட்டது.

கன்னியப்பன் ஒரு காலை உள்ளே போட்டுவிட்டான். அவன் அரைத்துணியைப் பிடித்து வெளியே இழுத்துக் கீழே தள்ளினேன்.

"வுடு சாமி! மாமா செத்துடும்!"

"நீ எறங்கினா ரெண்டு பொணம்டா!"

அவன் என் கையைக் கடித்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. நான் விடவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்ட காற்றில் முதல் ஆளைவிட, அவரைத் தூக்கக் குதிக்கிற இரண்டாவது ஆள்தான் கட்டாயம் சாவான். அவன் ஓடிப் போய்க் குதிக்கிறான். இரைக்கிறது. பெரிய மூச்சாக இழுக்கிறான். கன்னியப்பன் நல்லவன், பலசாலி, மாமன்மேல் உயிர். அதனால்தான் அவனை இறங்க விடக்கூடாது.

"அழுதுக்கினு நிக்காத. கயித்த மேல இழு" என்றேன். அரைக்கூடைச் சேறோடு தாம்புக்கயிறு மேலே வந்தது. அதிலேயே விளக்கைக் கட்டினேன். யார் கயிறு என்று பார்க்கவில்லை. இறக்கினேன். முன்பு நின்ற இடம் வரை எரிந்தது. இன்னும் ஒரு முழம் இறக்கினேன். யாரோ ஊதின மாதிரி அணைந்தது. கெட்ட காற்று எந்த உயரம் நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று. ஒரு பீப்பாய்த் தண்ணீரும் கொஞ்சம் தழையும் போதும் என்று தோன்றியது. போதுமா என்று நிச்சயம் தெரியாது. ஆனால் வேறு ஒன்றும் இல்லை.

தழையைப் பற்றி நான் வாய் திறக்குமுன் அஞ்சலை வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டிருந்தாள். "நீ ஒண்ணும் சொல்லாத சாமி. எனக்குத் தெரியும்." கட்டாகக் கட்டித் தாம்புக்கயிற்றில் தொங்கவிட்டு மேலும் கீழும் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். கை நிற்கவில்லை. நானும் கன்னியப்பனும் பீப்பாயை உருட்டி வந்து குடம் குடமாக மொண்டு உள்ளே வீசினோம். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கீழே கிடக்கிற காற்றைக் கலக்கிவிடும். சத்தம் கேட்டு, ரோட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்களிடம் மூட்டை கட்டுகிற நீளக் கயிறு இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பவும் விளக்கை ஏற்றினேன். குச்சி இரண்டு வீணாயிற்று. இறக்கினேன். அணைந்த இடத்தைத் தாண்டிப் போனது. சுடர் சிறுத்தது. அடியைத் தொட்டது. எரிந்தது.

"நான் போறேன்" என்றான் கன்னியப்பன்.

"நீ மேல இரு. உனக்குத்தான் பலம் ஜாஸ்தி. ரெண்டு பேரையும் இழுக்கணும். நான் கூப்ட்டா பதில் சொல்லு. நான் பதில் சொல்லலன்னா ஏன்னு கேக்காத. இழு."

தாம்புக்கயிற்றை என் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். வண்டிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அடியில் கால் ஊன்றியதும் குனியவில்லை. நின்றபடியே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டேன். பிறகு குந்தினேன். அவர் அக்குளுக்குக் கீழே கயிற்றை விட்டேன். எழுந்து மூச்சு விட்டேன். திரும்பவும் அடக்கிக்கொண்டு குந்தி முடிச்சுப் போட்டேன். அவர் மார்பில் என் கை பட்டது. துடிப்பு இருந்தது.

"இழு!"

அவர் என் தலைக்கு மேலே போனார். அவர் கால் என் தோளில் இடித்தது. பிறகு என்னை இழுத்தார்கள்.

மேலே புளியமரத்து நிழலில் படுக்க வைத்து விசிறினோம். அஞ்சலை அவர் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். அறை விழுந்த சத்தம் எனக்கும் சேர்த்து விழுந்த மாதிரி இருந்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இருமினார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார்.

"கூடை எங்க?" என்றார்.

"கூடையாம் கூடை! உன்ன அள்ளிக்கினு வர்றதே பேஜாராப் பூடுச்சு. இதுல கூடை கேக்குது பாரு!" என்றாள் அஞ்சலை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். வண்டிக்காரர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை.

"வெளக்கு நல்லாத்தான எரிஞ்சுது சாமி?"

அவ்வளவுதான் கேட்டாள்.

ஏழுமலைக்கு ரெண்டு நாள் தலைவலி இருந்தது. பிறகு எழுந்து நடமாடினார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. சார் வந்தார். நான் இறங்கி ஆளைத் தூக்கியதை வண்டிக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சாருக்கும் அந்தக் கதைதான் எட்டியிருந்தது. முதல் வாரமே கரியமில வாயுப் பாடத்தை எடுத்தார். ஜாடியைச் சாய்த்தார். வத்தி அணைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள்.

"இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதாலதான் நம்ம ரங்கசாமி ஒரு உயிரக் காப்பாத்தினான்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரும் எனக்குக் கைதட்டியது அதுவரை கிடையாது.

ஜாடியை மேசைமேல் வைத்தேன்.

"இல்லைங்க சார். என்னாலதான் அவர் விழுந்தார்."

நடந்ததை நடந்தபடி சொன்னேன். நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். கயிறு பற்றாமல் போனதைச் சொன்னேன். தழை வேண்டாம் என்று நான் தடுத்ததைச் சொன்னேன். முன் பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான்.

"அவர் கயித்துல கட்டியிருந்தா?"

"அடி வரைக்கும் போயிருக்கும். அணைஞ்சிருக்கும். அவர் எறங்கியிருக்க மாட்டார்."

"அப்ப ஏன் கட்டல?"

பிள்ளைகள் கேட்பதில் வஞ்சம் இருக்காது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"அவர் சேரிக்காரர்னு கட்டல" என்றேன்.

சார் சாக்குக்கட்டியை எடுத்தார். 'கரியமில வாயு காற்றைவிடக் கனமானது' என்று எழுதினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது. மறுநாள் சார், "மீதித் தூர அவங்களையே வெச்சு வாரச் சொல்லு. நீ போய்க் கூப்புடு" என்றார்.

போனேன். ஏழுமலை வீட்டு வாசலில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் அன்றைக்குப் பண்ணியது தப்பு என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"ஞாயித்துக்கெழம வர்றேன். கெணத்துக்கு லீவு கெடையாது."

'சாமி' என்று அவர் சொல்லவில்லை. நானும் 'டா' போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். முதலில் தழை அடித்தார்கள். நான் விளக்கை எடுத்து வந்தேன். ஏழுமலை தாம்புக்கயிற்று நுனியை நீட்டினார். நான் வாங்கிக் கட்டினேன். விளக்கு அடி வரைக்கும் போய் அங்கேயே நின்று எரிந்தது. நிறைய நேரம் எரியவிட்டேன். சண்டைக் காலத்து மண்ணெண்ணெய். பரவாயில்லை. பிறகு அவர் இறங்கினார்.

அன்றைக்கு அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. கூடைக்குத் தனிக் கயிறு வாங்கி வைத்திருந்தேன். இடுப்புக் கயிற்றின் மேல்முனை என் கையில் இருந்தது. அவர் குனியும்போதெல்லாம், "ஏழுமலை!" என்று கூப்பிட்டேன். முதலில் "ஓ" என்றார். அடுத்ததற்கும் "ஓ" என்றார். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நிறுத்தவில்லை.

"ஏழுமலை!"

கீழேயிருந்து குரல் வந்தது.

"உயிரோடதாங்க கீறேன்! சும்மா சும்மா கூப்பிடாதீங்க. பதில் சொல்ல வாயத் தொறந்தா மண்ணு வுழுது!"

நான் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன். அவர் மறுபடி குனிந்தார். மறுபடியும் கூப்பிட்டேன்.